வில்லின் கீழ்க்கை

வெள்ளானூர்
ஈஸ்வர வருஷம், ஐப்பசி 5 (21-10-1937)

தம்பி லோகநாதனுக்கு அக்கா வடிவு ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் நைனாவும் நடமாட்டமாக இருக்கிறோம். தங்கவயல் குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது. மற்றது பிறகு.

மற்றது என்று எழுதிவிட்டேனே தவிர, அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று நாளாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். விஜயதசமி அன்று எல்லையம்மன் வில் ஒடிந்துவிட்டது. நைனா கையிலேயே ஒடிந்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

வழக்கம்போல அம்மன் ஏரிக்கரைக்கு வந்தாள். எருமைத்தலை அசுரன் என்று வாழைமரம் நட்டு எலுமிச்சம்பழ மாலை போட்டிருந்தார்கள். நைனா ஒன்பது நாள் விரதம் முடித்து, திரைக்குப் பின்னால் போய் நாண் ஏற்றிக்கொண்டு வந்தார். அம்பைத் தொடுத்துப் பாதிகூட இழுத்திருக்க மாட்டார். சடக்கென்று சத்தம் கேட்டது. வில்லின் ஒரு கை மடிந்து தொங்கியது. அம்பு அவர் காலடியில் விழுந்தது. மேளம் நின்றுவிட்டது. பூசாரியாவது வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? "ஆத்தா இந்தக் கைய வாணாங்கிறா" என்று உரக்கச் சொல்லிவிட்டான்.

நைனா தலையில் கட்டியிருந்த பரிவட்டத்தை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பு வேண்டாம் என்கிறார். காலில் செருப்பில்லை. கோயில் தெரு வழியாகப் போவதில்லை, ஏரியைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போகிறார். நான் எது கேட்டாலும், "அவ தள்ளி வெச்சிட்டா, உடு" என்பதோடு சரி.

ஊரில் ஒரு வருஷம் தவணை கொடுத்திருக்கிறார்கள். அடுத்த விஜயதசமிக்குள் வில் சரியாகி, நம் வீட்டிலிருந்து அம்பு போகவேண்டும். இல்லையென்றால் உரிமை பங்காளி ஜானகிராமன் வீட்டுக்குப் போகும். உனக்குத்தான் ஊர்க் கட்டு தெரியுமே. உரிமைக்காரன் இருக்கும்வரை வேறு ஆண்பிள்ளை வில்லைத் தொடக்கூடாது, தொட்டவனுக்கு உரிமை ஜன்மத்துக்கும் கிடையாது. அதனால் தச்சனிடம் கொடுக்க வழியில்லை. நைனாவோ தொட மாட்டேன் என்கிறார். நான் செய்கிறேன் என்றேன். பெரியதனக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு, "பொம்பளைக்கு ஒரிமையே இல்ல. அவ தொட்டா இன்னா, தொடாங்காட்டி இன்னா" என்றார். இல்லாத உரிமை எப்படிப் போகும்! பெண்ணாகப் பிறந்ததில் இப்படி ஒரு லாபம்.

நீ மரவேலைக் கொட்டகையில் இருப்பவன். பசை, கட்டு எல்லாம் உனக்குத் தெரியும். எப்படிச் செய்வது என்று உடனே விவரமாக எழுது. நைனாவுக்கு ஆறுதலாகவும் இரண்டு வரி எழுது. உன் கடிதங்களை நான்தானே படித்துக் காட்டுகிறேன். தீபாவளிக்கு வருவாய் என்று எதிர்பார்க்கிறோம்.

வடிவு

மாரிகுப்பம், தங்கவயல்
6-11-1937

அன்புள்ள அக்காவுக்கு லோகநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். நைனாவின் கை எப்படி இருக்கிறது? நாண் முழங்கையில் அடித்திருக்கும். வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவு. தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை.

வில் விஷயம். அதில் மூன்று சரக்கு இருக்கிறது. எய்கிறவனைப் பார்த்த பக்கம் எருமைக்கொம்பு, நடுவில் மரம், வெளிப்பக்கம் நரம்பு. கீழ்க்கையில், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொம்பில் குறுக்கே வெடிப்பு இருக்கும். அந்த இடத்தில் கொம்பு மரத்தைவிட்டு எழும்பியிருக்கும். பழைய பசையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றி எடு. தண்ணீரில் போட்டுவிடாதே. தச்சர்கள் வைத்திருக்கும் வச்சிரப் பசையை வாங்கி ஒரு நாள் ஊறவைத்து, வெந்நீர்ப் பானைக்குள் சின்னச் சட்டியை இறக்கி உருக்கு. கொதித்தால் பிடிப்பு போய்விடும். தேன் பதத்தில் தடவி, கொம்பை அழுத்தி, சணல் கயிற்றால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டு.

பழைய பொருள் ஒருநாள் ஒடியத்தான் செய்யும், அதற்கும் அம்மனுக்கும் சம்பந்தமில்லை என்று நைனாவிடம் சொல். உப்பில்லாமல் சாப்பிட்டால் வயலில் நிற்க முடியாது. அதையும் சொல்.

லோகநாதன்

வெள்ளானூர்
கார்த்திகை 9

தம்பிக்கு அக்கா எழுதுவது. மழையில் நனைந்த கோழிகள்போல இரண்டு பேரும் இருக்கிறோம். நீ உலர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். வச்சிரம் காய்ச்சிய நாற்றத்தில் பக்கத்து வீட்டு நாய்கூட நம் வாசலை விட்டுப் போய்விட்டது. தடவிக் கட்டிப் பரணில் வைத்தேன். விடாத அடைமழை. பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் பசை உலராமல் பச்சைப் பாசி பூத்திருக்கிறது. கயிற்றை அவிழ்த்ததும் கொம்பு வாய் பிளந்தது. நான் உட்கார்ந்து அழுதேன். நைனா வாசற்படியில் நின்று பார்த்தார். "அவளே வாணாம்னு ஒடிச்சத நாம எதுக்குமே ஒட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபித்துக்கொண்டிருந்தாலாவது எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

கத்தரிக்காய் ஏற்றிப்போன வண்டியில் பூந்தமல்லிக்குப் போனேன். அங்கே உஸ்மான் கனி பாய் என்று கொம்புச் சீப்பு செய்கிறவர் இருக்கிறார். ஊர்க் கட்டைச் சொன்னதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் விளக்கருகில் வில்லைத் திருப்பித் திருப்பிக் காட்ட, குனிந்து பார்த்தார். "இது இப்போ ஒடிஞ்சது இல்லம்மா. கீறல்ல அழுக்கு ஏறிகீது பாரு. தசமிக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாலயே வெடிச்சிருக்கு. மேல துணி சுத்தி இருந்ததால தெர்ல" என்றார். புது ஒடிசல் வெள்ளையாக இருக்குமாம். இது கறுத்திருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். ஒரு கை மடிந்தது என்றுதான் நான் எழுதினேன். மேல்கையா கீழ்க்கையா என்று எழுதவில்லை. நீ கீழ்க்கை என்றாய், பிடியிலிருந்து ஒரு சாண் என்றாய், குறுக்கு வெடிப்பு என்றாய். அளந்து பார்த்தேன். சரியாக ஒரு சாண். தங்கவயலில் ஜோசியம் ஏதாவது படித்தாயா?

வடிவு

வெள்ளானூர்
மார்கழி 14

லோகு, நலமா? கார்டு வாங்கக் காசில்லை என்றால் எழுது, அனுப்புகிறேன். ஐந்து வாரமாகிறது. நைனாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. உப்பில்லாத கஞ்சியில் உடம்பு எத்தனை நாள் ஓடும்? தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலுக்கு வந்து நிற்கிறார். நான் கேட்டதற்குப் பதில் எழுதாவிட்டாலும் போகிறது, அவருக்காக ஒரு வரி எழுது.

வடிவு

மாரிகுப்பம்
16-1-1938

அன்புள்ள அக்காவுக்கும் நைனாவுக்கும் பொங்கல் வணக்கம். வேலை அதிகம். அதனால் எழுத முடியவில்லை. இங்கே பனி கடுமை, மற்றபடி குறையில்லை. நைனாவின் கால் வீக்கத்துக்கு ஆவடி ஆஸ்பத்திரியில் காட்டு.

மழைக்காலம் என்பதை நினைக்காமல் எழுதிவிட்டது என் தப்பு. மாசியில் ஆரம்பி. அப்போதுதான் காற்று உலர்ந்திருக்கும். பசை மட்டும் போதாது. எருமைக்கால் நரம்பை வெயிலில் காயவைத்து, மரச்சுத்தியால் நார் நாராகத் தட்டி, சீப்பால் வாரி, இளஞ்சூட்டுப் பசையில் நனைத்து வெடிப்பின்மேல் சுற்று. முதல் சுற்று காய ஏழு நாள். பிறகு இரண்டாவது. மொத்தம் ஐந்து சுற்று போடு. ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரண்டு விரல் அகலமாகப் போகட்டும். முடிந்த பிறகு ஆறு மாதம் நிழலில் தொங்கவேண்டும். அதற்கு முன் யார் சொன்னாலும் நாண் ஏற்றாதீர்கள். அவசரப்பட்டால் மறுபடி போய்விடும்.

நான் இங்கே கொட்டகையில் ஒரு பலகையை ஒடித்து, இதேபோலச் சுற்றிப் பார்த்தேன். தாங்குகிறது. அதனால் பயப்படாதே.

லோகநாதன்

வெள்ளானூர்
மாசி 20

தம்பிக்கு, சுகத்தை எழுது. இங்கே சுகம் என்று பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மூன்று சுற்று முடிந்தது. பூந்தமல்லியில் பாய் வீட்டு முற்றத்தில் அவர் சம்சாரம் ஷம்ஷாத்தும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு நாள் நரம்பு தட்டினோம். அவர் செய்த புதுச் சீப்பாலேயே வாரினோம். எருமைத்தலை அசுரனைக் கொல்ல எருமைக்கொம்பு வில், எருமை நரம்புக் கட்டு என்றால் ஷம்ஷாத் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்கும் நாலைந்து மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

திரும்பும்போது பாய் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். நாண் இல்லாமல் சும்மா கிடக்கும்போது இந்த வில் ஒரு பக்கமாக வளைந்திருக்குமாம். நாண் ஏற்றுகிறவன் அந்த வளைவுக்கு எதிர்ப்பக்கம் மடக்கி ஏற்றவேண்டுமாம். பிறை மாதிரி வளைந்துதானே கிடக்கிறது என்று அந்த வளைவுக்குள்ளேயே நாணைக் கட்டி இழுத்தால் கொம்பு குறுக்கே வெடிக்குமாம். "தெரியாத எவனோ திருப்பிப் போட்டு ஏத்திகீறான். சாமி ஒடிக்கல, ஆளு ஒடிச்சிகீறான்" என்றார்.

எனக்கு அப்படியே கால் தரையில் பாவவில்லை. இதைச் சொன்னால் நைனாவுக்கு விடுதலை என்று ஓடிவந்து சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ நான்தான் திருப்பிப் போட்டிருப்பேன். வேற ஆரு தொடுவாங்க? முப்பது வருசமா ஏத்தற கை, இப்போ புத்தி மாறிப் பூட்ச்சி. அதான் ஆத்தா பாத்துட்டா" என்றார். வேறு யாராவது தொட்டிருப்பார்கள் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. நம் வீட்டில் அப்படி நடக்கும் என்று அவரால் எண்ணவே முடியவில்லை, லோகு.

மறுநாளிலிருந்து எதையும் கையில் எடுக்கப் பயப்படுகிறார். மண்வெட்டியைக்கூட என்னிடம் கொடுத்து, "இது சரியான பக்கமா பாரு" என்கிறார். போன வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் மயங்கி விழுந்தார். ஜானகிராமன்தான் தூக்கிவந்தான். 

நீ ஆனியில் கிளம்பினாய். பாய் சொல்கிற காலம் அதற்குக் கிட்டத்தில் வருகிறது. நான் வேறு எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டியவன் நீ.

வடிவு

மாரிகுப்பம்
2-5-1938

அக்கா,

நைனா எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்? இந்த இரண்டு மாதத்தில் ஏழு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழித்துவிடுவேனோ என்று எழுதிய கையோடு தபால் பெட்டிக்கு நடக்கப்போகிறேன்.

தொட்டது நான்தான்.

பாய் சொன்னது முழுக்கச் சரி. திரைக்கு இந்தப் பக்கம் நின்று நாண் ஏற்றிய வில்லைத்தான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏற்றாத வில் எந்தப் பக்கம் வளையும் என்று எனக்குத் தெரியாது. இங்கே சுரங்க வாசலில் காவல் நிற்கும் வடக்கத்தியர் ஒருவர், தன் ஊரில் இப்படி வில் உண்டு என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. உன் முதல் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. படித்ததுமே தெரிந்துவிட்டது.

தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். நான் கேட்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாது. சொன்னால் உரிமை போய்விடும். நைனாவுக்குப் பிறகு அந்த வாழைமரத்தின் எதிரே நான் நிற்கவேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து எனக்கு இருக்கிற ஒரே ஆசை. இங்கே பூமிக்கு அடியில் இருட்டில் சுரங்கக் கூரையைத் தாங்க முட்டுக்கட்டை அடிக்கும்போதும் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். வில்லைச் சரியாக்கிவிட்டால் எல்லாம் சரியாகும், யாருக்கும் தெரியவேண்டியதில்லை என்று நினைத்தேன். அவர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார் என்று நினைக்கவில்லை.

நைனாவிடம் சொல்லாதே அக்கா. உன் காலில் விழுகிறேன். விஜயதசமிக்கு அம்பு போய்விட்டால் அவரே தேறிவிடுவார்.

லோகு

வெள்ளானூர்
வெகுதானிய வருஷம், வைகாசி 3

லோகநாதனுக்கு,

உன் கடிதம் வந்தபோது நைனா வாசலில் இருந்தார். "இன்னா எழுதிகீறான், படி" என்றார். "நைனா எப்படி இருக்கிறார், நீ எப்படி இருக்கிறாய்" என்பது வரை படித்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை. கடிதத்தை மடித்து, தாகமாக இருக்கிறது என்றேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கையால் சொம்பைப் பிடித்தால் தப்பாகிவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். 

நான் தாலியை இழந்து இந்த வீட்டுப் படி ஏறிய அன்று, ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். "எம்பொண்ணு எங்கூட்டுக்கு வந்துகீறா" என்று ஒரே வார்த்தையில் எல்லார் வாயையும் மூடியவர் அவர். அவரிடம் என்னை நடிக்கச் சொல்கிறாய். என்னால் முடியாது. 

உனக்காகச் சொல்லவும் மாட்டேன். நீயே அவர் பெயருக்கு எழுது. எழுதினால் அதை எழுத்துப் பிசகாமல் படித்துக் காட்டுவேன். எழுதாவிட்டால் இந்த வீட்டிலிருந்து உனக்கு இனிக் கடிதம் வராது.

ஐந்தாவது சுற்று முடிந்து வில் நிழலில் தொங்குகிறது. 

வடிவு

மாரிகுப்பம்
10-7-1938

நைனா அவர்களின் பாதங்களில் விழுந்து லோகநாதன் எழுதுவது. உங்கள் உடம்பைப் பற்றி விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

போன வருஷம் ஆனி மாதம் நான் ரயிலேறிய அன்று மத்தியானம், நீங்கள் எனக்கு வழிக்குப் பலாச்சுளை வாங்கிவர ஆவடிக்குப் போயிருந்தீர்கள். அக்கா கிணற்றடியில் இருந்தாள். இனி எந்த வருஷம் வரமுடியுமோ, ஒரே ஒரு தடவை அந்த நாணைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசைப்பட்டேன். வில்லை இறக்கி, எய்யும்போதும் எடுக்காத சுற்றுத் துணியைப் பிரித்தேன். பிறை மாதிரி வளைந்திருந்தது. வளைவுக்குள் நாணை மாட்டி முழங்காலை ஊன்றி இழுத்தேன். கீழ்க்கையில் உளுந்து வெடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். விரலால் தடவினேன். கொம்பில் ஒரு கோடு, தலைமயிர் அளவுதான். மேலே துணியை முன்னைவிட இறுக்கமாகச் சுற்றி, இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டேன். நீங்கள் வந்து பலாச்சுளைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தீர்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் திருப்பிப் போடவில்லை நைனா. உங்கள் கையும் தவறவில்லை, புத்தியும் மாறவில்லை. எல்லையம்மன் உங்களைத் தள்ளிவைக்கவில்லை. ஒடித்தவன் நான். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கவேண்டும். உரிமை போய்விடும் என்ற பேராசையில் எழுதவில்லை.

உங்கள் மகன்
லோகநாதன்

வெள்ளானூர்
ஆடி 9

(நைனா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் மாற்றக்கூடாது என்று உத்தரவு. வடிவு.)

லோகு, நல்லா இரு.

ஒன் கடுதாசிய உங்கக்கா ரெண்டு தபா படிச்சா. மூணாந்தபா நான் வாணாம்னுட்டேன். 

வில்லு ஒடிஞ்சது போவுது. கொம்பும் மரமும் ஒடியும். தெரியாம ஏத்தினே, தெரியாதவன் அப்டிதான் ஏத்துவான். திரையில மறைச்சி ஏத்தற வழக்கத்துல நானும் ஒனக்குக் காட்டல. அது எம்மேலயும் தப்புதான். அதுக்கு எனக்குக் கோவம் இல்ல.

ஆனா ஒண்ணு கேக்கறேன். ஒம்போது மாசமா நான் இன்னா நெனச்சிகினு கீறேன்னு ஒனக்குத் தெரியும். உங்கக்கா எழுதிகினே இருந்தா. ஆத்தா என்னிய உட்டுட்டாடான்னு நான் கோயில் தெருவுல கால் வெக்கல. எங்கைய நானே நம்பாம, மம்மட்டி புடிக்கக்கூட பயந்துகினு இருந்தேன். நீ அத்தப் படிச்சே. மடிச்சி வெச்சே. நரம்ப எப்டி சுத்தறதுன்னு பதில் போட்டே.

ஒன் கடுதாசி கேட்டதும் எனக்கு சந்தோசம்டா. ஆத்தா என்னிய உடல. எந்திரிச்சி நேரா கோயிலுக்குப் போனேன். வாசல்ல நின்னு அழுதேன். திரும்பி வந்து உப்பு போட்டு சாப்ட்டேன். அந்த சந்தோசம் ஒங்கையில இருந்துச்சி. ஒம்போது மாசம் அத எனக்குக் குடுக்காம பொட்டில பூட்டி வெச்சிருந்தே. அதத்தான் என்னால தாங்க முடியல.

எனக்கு எழுதினது பத்தாது. ஊரு முன்னால பூட்ச்சி என் பேரு. ஊரு முன்னால வந்து சொல்லு. ஒரிமெ போவும். போவட்டும். சொல்றதா இருந்தா வா. சொல்லாம வர்றதா இருந்தா வராதே.

நாகப்பன்

மாரிகுப்பம்
11-9-1938

அக்காவுக்கு,

இரண்டு பேரும் நலமாக இருக்கவேண்டும். லீவு கேட்டேன், ஒரு நாள்தான் கொடுத்திருக்கிறார்கள். விஜயதசமி அன்று காலை ரயிலில் ஆவடியில் இறங்கி நேராக ஏரிக்கரைக்கு வருகிறேன். சொல்லிவிட்டுச் சாயங்கால ரயிலுக்குத் திரும்பவேண்டும்.

ஆறு மாதம் ஆகிறது, இனி நாண் ஏற்றலாம். முதல் நாளே முழுக்க இழுக்கவேண்டாம் என்று நைனாவிடம் சொல். தினமும் கீழ்க்கையை வெயிலில் லேசாகச் சூடு காட்டி, நாலு விரல், அடுத்த நாள் ஒரு சாண் என்று பழக்கவேண்டும். 

எனக்குப் பயமாக இருக்கிறது. வருகிறேன்.

லோகு

வெள்ளானூர்
புரட்டாசி 24

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீ மேளக்காரர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, மண்ணில் விழுந்து கும்பிட்டு, எல்லாவற்றையும் உரக்கச் சொன்னாய். எங்கேயும் மழுப்பவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. தொட்டவன் அம்பு போவதைப் பார்க்கக்கூடாது என்று உன்னை ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். நீயும் மறுபேச்சு பேசாமல் இறங்கிப் போனாய். அங்கிருந்தே ரயிலுக்கும் போய்விட்டாய். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

நைனா இந்த முறை திரை கட்டவேண்டாம் என்றார். ஊர் பார்க்கவே, வளைவுக்கு எதிர்ப்பக்கமாக மடக்கி நாண் ஏற்றினார். சின்னப் பிள்ளைகளெல்லாம் முன்னால் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். இழுக்கும்போது கீழ்க்கை லேசாக அதிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஷம்ஷாத்தும் பாயும் கூட்டத்தில் நின்றிருந்தார்கள். அவள் என் தோளை உலுக்கி, "பாருக்கா, பாரு" என்றாள். அம்பு வாழைமரத்தில் இருந்தது. முன்னே மாதிரி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, நாலு விரல் ஆழம்தான். ஆனால் நின்றது. பூசாரி பரிவட்டத்தைக் கொண்டுவந்து நைனா தலையில் கட்டினான். போன வருஷம் சொன்னதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவன் மூஞ்சியை நீ பார்த்திருக்கவேண்டும்.

பெரியதனக்காரர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். நைனா இருக்கும்வரை அவர் எய்வார். அவருக்குப் பிறகு ஜானகிராமன் வீடு. உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் இல்லை. இதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். நைனா அழவில்லை. 

அவர் உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று உனக்கு மனசில் இருக்கும். எனக்கும் அதுதான் கோபம். நீ முன்னால் வந்து நின்றபோதும் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன பிறகு பேசலாமே, பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து வந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறதே என்று நான் வழியெல்லாம் சண்டை போட்டேன். ஒரு வாரமாக உன் பேச்சே இந்த வீட்டில் இல்லை.

இன்று நான் மைக்கூடும் பேனாவும் எடுத்ததைப் பார்த்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அவனுக்கா?" என்றார்.

"ஆமாம்."

"எழுது."

"என்ன எழுதட்டும்?"

மை பேனாவில் காய்ந்துபோயிற்று. மறுபடி தொட்டுக்கொண்டேன்.

"போய்ச் சேந்தானான்னு கேளு. ஒடம்பு எப்டி கீதுன்னு கேளு. ரொம்ப எளச்சிப் பூட்டான். சட்டைக்குள்ள தோளு எலும்பு தெரியுது. அங்க சோறு சரியா கெடைக்குதான்னு நான் கேட்டேன்னு எழுது."

பதிலை எனக்கு எழுதாதே. அவர் பெயருக்கே எழுது. நான் படித்துக் காட்டுகிறேன்.

வடிவு